பாத்திமாவிலிருந்து தோமார் அரை மணி நேரம்தான்

போர்ச்சுகலில் உள்ள பாத்திமா மாதா கோவிலைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை. போன வருடம் மே மாதம் அது நிறைவேறியது. தூத்துக்குடிப் பக்கமிருந்து குழுவாகப் போகிறவர்கள் லிஸ்பன், பாத்திமா, லூர்து, ரோம் என்று பத்து நாளில் முடித்துவிட்டு வந்துவிடுவார்கள். நாங்கள் இருவரும் தனியாகப் போனோம். பாத்திமாவுக்கு அப்புறம் நான்கு நாள் என் இஷ்டம் என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தேன். அந்த நான்கு நாளில் பார்த்ததைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

நான் தேடிப் போனது போர்ச்சுகலில் வாழ்ந்த யூதர்களின் தடத்தை. நமக்கும் யூதர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். சம்பந்தம் இருக்கிறது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம், 1578-இல் கொல்லத்தில் வந்த 'தம்பிரான் வணக்கம்'. வெறும் 16 பக்கம். அதை உருவாக்கிய ஹென்றிக் ஹென்றிக்கஸ், நம் ஊரில் அண்ட்ரிக் அடிகளார், போர்ச்சுகலின் விலா விசோசா என்ற ஊரில் 1520-இல் பிறந்தவர். அவர் குடும்பம் யூத வழிக் குடும்பம். இது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரியும். ஞாயிறு மறைக்கல்வியில் அவர் பெயரை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "போர்த்துக்கீசிய பாதிரியார்" என்பதோடு நிறுத்திவிடுவார்கள்.

லிஸ்பனில் ரோசியோ சதுக்கத்துக்குப் போகாத பயணி கிடையாது. அதன் வடக்குப் பக்கம் வெள்ளைத் தூண்களோடு தேசிய நாடக அரங்கம் நிற்கிறது. எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். அந்த இடத்தில் முன்பு இருந்தது எஸ்தாவுஸ் அரண்மனை. 1492-இல் ஸ்பெயின் அரசர்கள் யூதர்களை நாட்டைவிட்டுத் துரத்தியபோது பெருங்கூட்டம் எல்லை தாண்டிப் போர்ச்சுகலுக்குள் வந்தது. இரண்டாம் ஜான் மன்னர் தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு எட்டு மாதம் தங்க விட்டார். கெடு தாண்டியவர்களை அடிமைகளாக்கினார். அவர்களுடைய பிள்ளைகளைப் பிடுங்கி 1493-இல் ஆப்பிரிக்காவுக்கு அருகிலுள்ள ஒரு தீவுக்குக் கப்பலேற்றினார். பெரும்பாலான பிள்ளைகள் அங்கேயே செத்துப்போனார்கள். தீவின் பெயர் சாவோ தோமே. நம் பரங்கிமலை தோமையாரின் பெயர்தான். இதைச் சொன்னதும் அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். அன்று சாயங்காலம் வரை பேசவில்லை.

அடுத்து வந்த மானுவேல் மன்னருக்கு ஸ்பெயின் இளவரசியைக் கட்ட வேண்டும். யூதர்களை வெளியேற்றினால்தான் பெண் என்றார்கள். 1496 டிசம்பரில் ஆணை போட்டார். ஆனால் அந்த மக்களின் பணமும் தொழிலும் படிப்பும் நாட்டைவிட்டுப் போவதில் அவருக்கு விருப்பமில்லை. அதனால் 1497-இல் யூதர்களின் பாஸ்கா பண்டிகைச் சமயத்தில் முதலில் பிள்ளைகளைப் பிடித்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பிறகு, கப்பல் ஏறலாம் என்று நம்பி லிஸ்பனில் கூடியவர்களை எஸ்தாவுஸில் சோறு தண்ணீர் இல்லாமல் அடைத்து வைத்து, ஆயிரக்கணக்கானவர்களுக்கு வலுக்கட்டாயமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அன்றிலிருந்து அவர்கள் பெயர் 'புதிய கிறிஸ்தவர்கள்'. 1536-இல் விசாரணை மன்றம் வந்தது, விசுவாசத்தில் பிசகியவர்கள் என்று சந்தேகப்பட்டவர்களை விசாரித்துத் தண்டிக்கும் மன்றம். பிற்பாடு லிஸ்பனில் அதன் தலைமையிடமானதும் இதே அரண்மனைதான். தாத்தாவுக்குத் தண்ணீர் ஊற்றிய கட்டடத்தில் பேரனை நிறுத்தி, "நீ உண்மையான கிறிஸ்தவனா?" என்று கேட்டார்கள்.

சதுக்கத்தின் ஓரத்தில் சாவோ டொமிங்கோஸ் கோவில். 1755 நிலநடுக்கத்தில் இடிந்தது, 1959-இல் தீப்பிடித்தது. பழுது பார்த்தபோதும் கருகி வெடித்த தூண்களை அப்படியே விட்டிருக்கிறார்கள். 1506 ஏப்ரல் 19, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. ஊரில் கொள்ளை நோய், மழை இல்லை. கோவிலில் கூடி ஜெபித்துக்கொண்டிருந்தபோது பாடுபட்ட சுரூபத்தில், அதாவது சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்தில், ஒளி தெரிந்தது, அற்புதம் என்றார்கள். அங்கிருந்த ஒரு புதிய கிறிஸ்தவர், அது மெழுகுவர்த்தி வெளிச்சம் என்று சொல்லிவிட்டார். வெளியே இழுத்து அடித்தே கொன்றார்கள். சாமியார்கள் இரண்டு பேர் சிலுவையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தை ஏவினார்கள். மூன்று நாளில் செத்தவர்கள் 2,000 பேருக்குக் குறையாது என்கிறார்கள். மன்னர் பின்னர் அந்தச் சாமியார்களுக்கு மரண தண்டனை கொடுத்தார். கோவிலுக்கு வெளியே 2008-இல் வைத்த நினைவுக்கல்லில் பைபிளின் யோபு நூலிலிருந்து ஒரு வரி இருக்கிறது: மண்ணே, என் இரத்தத்தை மறைக்காதே. அம்மா உள்ளே போய் ஜெபித்தார். என்னால் உள்ளே ஜெபிக்க முடியவில்லை, கல்லின் பக்கத்தில்தான் நின்றேன்.

பாத்திமாவைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அது அம்மாவுடையது. அங்கிருந்து தோமாருக்குக் காரில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். தோமாரில் எல்லாரும் மேட்டில் உள்ள பெரிய மடத்தைப் பார்க்கிறார்கள், பார்க்க வேண்டியதுதான். ஆனால் கீழே ஊருக்குள் ஒரு குறுகிய தெருவில் 15-ஆம் நூற்றாண்டு யூதத் தொழுகைக்கூடம் ஒன்று இருக்கிறது. ஒரே அறை. நான்கு மெல்லிய தூண்கள், மேலே வளைவுகள். மூலைச் சுவர்களில் உயரத்தில் வட்டமாகச் சில ஓட்டைகள். அம்மாதான் முதலில் கவனித்தார்.

"ஏலே, அது பானை வாயில்லா? செவத்துல எதுக்குப் பானைய வச்சிருக்கு?"

பானையேதான். ஜெபிக்கிறவரின் குரல் அறை முழுக்கப் பரவ, மண்பானைகளைச் சுவருக்குள் கவிழ்த்துப் பதித்திருக்கிறார்கள். அம்மா நடுவில் நின்று மெல்ல ஒரு அருள்நிறை மரியே சொல்லிப் பார்த்தார். குரல் நிறைந்து வந்தது. அது சரியா தவறா என்று எனக்குத் தெரியவில்லை, தடுக்கவும் மனம் வரவில்லை.

1497-க்குப் பிறகு அந்த அறை சிறைச்சாலை ஆனது, அப்புறம் சிற்றாலயம், அப்புறம் வைக்கோல் போடும் கிடங்கு. 1923-இல் சாமுவேல் ஷ்வார்ஸ் என்ற போலந்து நாட்டு யூத சுரங்கப் பொறியாளர் தன் சொந்தப் பணத்தில் அதை வாங்கிச் சுத்தம் செய்து, 1939-இல் அரசுக்குக் கொடுத்தார். இப்போது அங்கே இருக்கும் அருங்காட்சியகத்துக்கு ஆபிரகாம் சக்கூட்டோ பெயர். வாஸ்கோ ட காமாவின் கப்பல்களுக்கு வான்கணக்கு அட்டவணை தந்த யூத வானியலாளர். காமா 1497 ஜூலையில் புறப்பட்டார். சக்கூட்டோவுக்கு அதே நாட்டில் இருக்க இடமில்லாமல் போய்விட்டது. இந்தியாவுக்கு வழி கண்டுபிடித்த கதையைப் பள்ளியில் படித்த நமக்கு இந்தப் பாதியை யாரும் சொல்லவில்லை.

கஸ்டெலோ டி விடே ஸ்பெயின் எல்லையை ஒட்டிய மலையூர். வெள்ளை வீடுகள், செங்குத்தான கல்பாவிய தெரு, வாசலுக்கு வாசல் பூந்தொட்டி. யூதத் தெருவில் கதவுகளின் கருங்கல் நிலைகளைக் கையால் தடவிக்கொண்டே நடந்தேன். சிலவற்றில் வலப்பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு குழி. "உன் வீட்டின் கதவு நிலைகளில் எழுது" என்கிற, பைபிளின் இணைச் சட்ட நூல் ஆறாம் அதிகாரத்தின்படி இறைவார்த்தை எழுதிய சுருளை வைத்திருந்த இடம். சுருள் போய் ஐந்நூறு வருடம் ஆகிறது, குழி இருக்கிறது.

கார்சியா ட ஓர்த்தா பிறந்தது இந்த ஊரில்தான். மருத்துவர். 1534-இல் கோவா வந்து, நம் நாட்டு மூலிகைகளையும் மருந்துச் சரக்குகளையும் பற்றி 1563-இல் அங்கேயே புத்தகம் அச்சிட்டவர். 1568-இல் இறந்தார். மறு வருடம் அவர் தங்கை கத்தரீனாவை, இரகசியமாக யூத வழக்கத்தைக் கடைப்பிடித்தாள் என்று கோவாவில் எரித்தார்கள். அதோடு விடவில்லை. 1580-இல் ஓர்த்தாவின் எலும்புகளைத் தோண்டியெடுத்து அதையும் எரித்தார்கள். 1989-இல் போர்ச்சுகல் ஜனாதிபதி மாரியோ சோரெஸ் யூதர்களிடம் மன்னிப்புக் கேட்டது இந்த ஊரில் வைத்துத்தான்.

கடைசியாக பெல்மோண்டே. கல் வீடுகள் உள்ள மலையூர். பிரேசிலுக்குப் போய், பின் 1500 டிசம்பரில் கொச்சிக்கு வந்த போர்த்துக்கீசியக் கப்பல் தலைவர் கப்ரால் பிறந்த இடம். 1917-இல் வேலை விஷயமாக வந்த அதே ஷ்வார்ஸ், இங்கே ஒரு கூட்டம் நானூறு வருடமாக வீட்டுக்குள் யூதர்களாகவே வாழ்ந்துவருவதைக் கண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார்கள். கோவில் வாசலில் நுழையும்போது, இந்த வீட்டில் நுழைகிறேன், மரத்தையும் கல்லையும் வணங்கவில்லை, எல்லாவற்றையும் ஆளும் கடவுளையே வணங்குகிறேன் என்று உதட்டுக்குள் சொல்லிக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை சாயங்கால விளக்கைப் பானைக்குள் ஏற்றி மறைப்பார்கள். விசாரணைக்காரர்கள் நாளைக் கணக்கு வைத்து வருவார்கள் என்று யூதர்களின் பாஸ்கா பண்டிகையை ஓரிரு நாள் தள்ளிக் கொண்டாடுவார்கள். புத்தகம் கிடையாது, எபிரேயமும் மறந்துவிட்டது. ஜெபங்களைப் பெண்கள்தான் தாயிடமிருந்து மகளுக்கு வாய்வழியாகக் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

உலகத்தில் வேறு யூதர்கள் இருக்கிறார்கள் என்றே அவர்களுக்குத் தெரியாது. ஷ்வார்ஸ் தானும் யூதன் என்றபோது நம்பவில்லை. உங்கள் ஜெபம் ஒன்றைச் சொல் என்றார்கள். அவர் "இஸ்ரயேலே, செவிகொடு" என்ற ஜெபத்தை எபிரேயத்தில் சொன்னார். ஒன்றும் புரியவில்லை. 'அதோனாய்' (ஆண்டவர்) என்ற சொல் வந்ததும் ஒரு கிழவி கைகளால் கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஒரு சொல் அவர்களிடம் மிச்சம் இருந்தது.

பெல்மோண்டே அருங்காட்சியகத்தில் இதை அம்மாவுக்கு மெதுவாகச் சொன்னேன். அம்மா எழுதப் படிக்கப் பெரிதாகத் தெரியாதவர். அவர் சொல்லும் ஜெபம் எல்லாம் பாட்டி வாயிலிருந்து வந்தது. "அந்தக் கெழவி பாவம்லே" என்றார். அப்புறம், "நம்மாளுகதானே செஞ்சது?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். இந்தப் பதிவில் நான் சொல்ல வந்ததும் அதுதான். நான் கத்தோலிக்கன். முத்துக்குளித்துறையில் பிறந்தவன். எங்கள் முன்னோர் 1530-களில் பாதுகாப்பு கேட்டுத் தாங்களாகப் பேசி இந்த மதத்துக்கு வந்தார்கள். அந்த மதம் எங்களுக்கு மானம் கொடுத்தது. அதே போர்த்துக்கீசிய அரசு, அதே திருச்சபை, அதே பத்தாண்டில், தன் வீட்டு மக்களை நெருப்பில் தள்ளும் மன்றத்தைத் திறந்தது. இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் திருவிழா மலரில் அச்சடிப்பது எனக்கு உறுத்துகிறது.

இப்போது ஏன் இதைக் கிளறுகிறாய், ஏற்கெனவே கோவாவில் அந்த விசாரணை மன்றம் செய்ததை வைத்து நம்மை அடிக்கிறார்கள் என்று எங்கள் கோவில் பங்கில் சில அண்ணன்கள் கேட்டார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது, அது வெறும் கற்பனையும் இல்லை. ஆனால் 2000-இல் போப் இரண்டாம் யோவான் பவுல் உலகறிய மன்னிப்பு வேண்டினார். லிஸ்பனின் தலைமை ஆயரான மறைமுதுவரும் அதே வருடம் வேண்டினார். அவர்கள் வெளிப்படையாகச் சொன்னதை நாம் மட்டும் ஏன் மூடி வைக்க வேண்டும்? நாம் சொல்லாவிட்டால் வெறுப்போடு சொல்கிறவர்கள் சொல்வார்கள்.

அண்ட்ரிக் அடிகளாரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். யூத இரத்தம் என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். இயேசு சபை ஏற்றுக்கொண்டது. 1546-இல் இந்தியாவுக்கு வந்து, தமிழ் கற்று, இலக்கணம் எழுதி, புத்தகங்கள் அச்சிட்டு, 1600-இல் புன்னைக்காயலில் இறந்தார். அவர் உயிரோடு இருக்கும்போதே, 1593-இல், அதே இயேசு சபை யூத வழி வந்தவர்களை இனிச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தது. அந்தத் தடை முழுதாக நீங்கியது 1946-இல். நம் எழுத்தை அச்சில் ஏற்றிய மனிதர் அந்தச் செய்தியைப் புன்னைக்காயலில் இருந்துகொண்டு கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

அடுத்த வருடம் பாத்திமா போகிறவர்கள் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்காரரிடம் தோமார் என்று சொன்னால் போதும். பெல்மோண்டே தூரம்தான், முடிந்தால் போங்கள்.

ஊர் திரும்பியதும் எங்கள் பங்கின் மலர்க் குழுவில் ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பார்ப்போம் என்றிருக்கிறார்கள். அம்மா தினமும் கேட்கிறார், போட்டாங்களா என்று. அந்த வரி இதுதான்: "அண்ட்ரிக் அடிகளார், புதிய கிறிஸ்தவர் என்று ஒதுக்கப்பட்ட யூத வழிக் குடும்பம் ஒன்றில், 1520-இல் விலா விசோசாவில் பிறந்தார்."