விறைப்புக் கோளாறுக்கு மூளை ஸ்கேன் எதற்கு?

'ஆண்மைக் குறைவுக்குக் காரணம் மூளைதான்' என்று கலர் படத்தோடு ஒரு செய்தி அவ்வப்போது சுற்றுக்கு வரும். அந்தப் படத்தில் சிவப்பாகத் தெரிவது பெரும்பாலும் ஒரு ஆளின் மூளையே கிடையாது. பலருடைய ஸ்கேனை ஒன்றாகப் பொருத்திக் கணக்குப் போட்டு எடுத்த சராசரி. அதை வைத்து உங்களுக்கு என்ன கோளாறு என்று யாரும் சொல்ல முடியாது.

2012-ல் இத்தாலியர்கள் வெளியிட்ட ஆய்வையே எடுத்துக்கொள்வோம். மனக் காரணத்தால் விறைப்பு வராத 17 பேர், ஒப்பிட்டுப் பார்க்கப் பிரச்சினை இல்லாத 25 பேர். முதல் கூட்டத்தாருக்கு மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புள்ள நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் இரண்டு பக்கமும் சிறுத்திருந்தது, ஹார்மோன்களைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸிலும் இடப்பக்கம் குறைவு. நல்ல ஆய்வுதான். 'எல்லாம் மனசு சார், போய்ட்டு வாங்க' என்று அனுப்பிவிடுகிற டாக்டர்கள் படிக்க வேண்டியது. ஆனால் சிறுத்ததால் விறைப்பு போனதா, விறைப்பு போய்ப் பயந்து ஒதுங்கியதால் சிறுத்ததா? ஒரே தடவை எடுத்த ஸ்கேனில் இதற்குப் பதில் இருக்காது. போதாக்குறைக்கு அக்கும்பென்ஸ் மொத்தமே அரை மில்லி அளவுதான். ஸ்கேனுக்குள் தலை கொஞ்சம் அசைந்தாலே அளவு குறைத்துக் காட்டும். பதற்றக்காரர்தானே அதிகம் அசைவார்?

பாலியல் படம் ஓடவிட்டு, மூளை வேலை செய்வதைப் பார்க்க எடுக்கும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் இன்னும் சிக்கல். அது அளப்பது நரம்பை அல்ல, ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தை. அதுவும் ஐந்தாறு விநாடி தாமதமாக, ஓரிரு சதவீத அளவில். மூளையின் அடிப்பகுதிக்குப் பக்கத்திலேயே சைனஸ் காற்று இருப்பதால் அங்கே சிக்னலும் கெடும்.

லாட்ஜில் ரூம் போட்டு 'நரம்புத் தளர்ச்சி' பார்க்கிறவர்கள் கையில் இந்தப் படங்கள் சிக்கினால் அடுத்த பேக்கேஜ் தயார்.

முதலில் பார்க்க வேண்டியது வேறு. காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா? நன்றாக இருந்தால் ரத்தக் குழாயும் நரம்பும் பெரும்பாலும் வேலை செய்கின்றன. பிரஷர், வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), கொலஸ்ட்ரால் பாருங்கள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் காலையிலேயே எடுக்க வேண்டும். குறைவாக வந்தால் இன்னொரு நாள் திரும்ப எடுங்கள். புரோலாக்டின் என்ற ஹார்மோன் நன்றாக ஏறியிருந்தால் அப்போது அதைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கு எம்ஆர்ஐ எடுப்பதில் அர்த்தம் உண்டு. ரத்த ஓட்டத்தில் சந்தேகம் என்றால் ஆணுறுப்பில் ஊசி போட்டு எடுக்கும் டாப்ளர் ஸ்கேன் இருக்கிறது. ரத்தம் பாயும் உச்ச வேகம் விநாடிக்கு 25 செ.மீ.க்குக் கீழே என்றால் தமனியில் கோளாறு.

ஆணுறுப்புத் தமனி 1-2 மி.மீ. அகலம், இதயத் தமனி 3-4 மி.மீ. அடைப்பு முதலில் சின்னக் குழாயில்தான் தெரியும். நாற்பதைத் தாண்டியவருக்கு, அதுவும் சர்க்கரையோ சிகரெட்டோ இருந்தால், மூளையை விட்டுவிட்டு நெஞ்சைப் பரிசோதியுங்கள். நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் சில்டெனாஃபில் (வயாகரா) பக்கமே போகக் கூடாது. பிரஷர் சட்டென்று சரிந்துவிடும்.