296, 284, 281, 273

இங்கே டென்மார்க்கில் நம் தமிழர்கள் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். வந்தவர்களுக்குத் தெரியும், காணொளி பார்த்தவர்களுக்கும் தெரியும். திரையில் அட்டவணை: பின்லாந்து 296, சுவீடன் 284, நோர்வே 281, டென்மார்க் 273. வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஈசிடி பெரியவர்களின் வாசிப்புத் திறனை அளந்து 2024 டிசம்பரில் வெளியிட்ட எண்கள். "டென்மார்க்கைக் கீழே இழுப்பது எங்கட ஆக்கள்தான்" என்றார் பேச்சாளர், குடியேறிய எங்களைச் சுட்டி. மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

எண் பொய்யில்லை. ஆனால் பத்தாண்டில் வாசிப்பில் முன்னேறிய நாடுகள் இரண்டே இரண்டு: பின்லாந்தும் இந்த 'பின்தங்கிய' டென்மார்க்கும். அந்த வரி ஏன் திரைக்கு வரவில்லை? ஐரோப்பிய ஒன்றியத்தின் புத்தாக்கப் பட்டியலில் 2023, 2024 இரண்டிலும் முதலிடம் டென்மார்க், 2025இல் சுவீடன். 296 எடுத்த நாடு முதலிடத்தில் இல்லை. ஆகவே ஐயா, மதிப்பெண் வேறு, நாற்பது வயதில் மறுபடி வகுப்புக்குப் போக வழி இருப்பது வேறு. நான் சொல்வது இவ்வளவுதான்.

எனக்கு அந்த வழி கிடைத்தது. டென்மார்க்கின் யூலாந்துப் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் 43 வயதில் வேலைக்கு நின்றபோது கணினி இயந்திரம் வந்தது. "உனக்கெதற்குப் படிப்பு, பெட்டி தூக்கினால் போதும்" என்றார் மேற்பார்வையாளர். கேட்காமல் படிக்கப் போனேன். 1960 முதல் இங்கே இருக்கும், வேலை செய்பவர்களுக்கான 'ஆமு' தொழிற்பயிற்சி வகுப்புகள், இரண்டு வாரம். வேலையை விடத் தேவையில்லை. இழக்கும் சம்பளத்துக்குக் கொடுப்பனவும் உண்டு. முதல் நாள் பயிற்சித்தாளில் பாதி விளங்கவில்லை. அப்புறம் மாலையில் டேனிஷ் வாசிப்பு வகுப்பு, இலவசம். மனைவி முதியோர் பராமரிப்புப் படிப்பு முடித்தாள். வீட்டில் சோறு வைத்தது நான். (சோறு குழைந்தது, அது வேறு கதை.)

"பின்லாந்து மேல் பொறாமை" என்பீர்கள். இல்லை. பின்லாந்தில் வேலையிலிருந்து விடுப்பெடுத்துப் படிப்பவர்களுக்கு அருமையான உதவித்தொகை இருந்தது. 2024 ஆகஸ்ட் முதல் புதியவர்களுக்கு அது இல்லை, அரசே நிறுத்திவிட்டது. நான்கு மாதம் கழித்து முதலிடச் செய்தி! சுவீடனோ 2022இல் நடுவயதுக்காரர் படிக்கப் புதிய உதவித்தொகை தொடங்கியது. அட்டவணையில் இதற்கு எந்தக் கட்டம்?

"குடியேறியவர்களுக்கு மதிப்பெண் குறைவுதானே" என்றும் கேட்பீர்கள். சரி, குறைவுதான். சோதனை அந்தந்த நாட்டு மொழியில். பேச்சாளரைத் தமிழில்லாத ஊரில் முப்பது வயதில் இறக்கிவிட்டு, டேனிஷில் மருந்துச் சீட்டை வாசிக்கச் சொல்லுங்கள், பார்ப்போம். நாங்கள் எண்ணைக் கீழே இழுக்கவில்லை, ஐயா. மீன் வெட்டிவிட்டு வந்து, கை நாற்றம் போகாமலே மொழி படித்தோம். உங்கள் பிள்ளைகள் இன்று பொறியியலாளர் ஆனது அந்தக் கைகளால்தான்.

சரி, கோபம் வேறு பக்கம் போய்விட்டது.

அடுத்த கூட்டம் செவ்வாய் மாலையாம். எனக்கு அன்று வகுப்பு இருக்கிறது.