சமாதானம் சொல்ல வராதீர்கள்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை ஐந்தரைக்கு ஒரு வசன அட்டை வந்துவிடும். சூரிய உதயம், ஒரு புறா, கீழே தங்க எழுத்தில் வாக்குத்தத்தம், அதாவது கடவுளின் வாக்குறுதியாக ஒரு பைபிள் வசனம். அனுப்புவது சித்தப்பா. அதே சித்தப்பா ஐந்து நாற்பதுக்கு, குண்டு விழுந்து இடிந்த கட்டடத்தின் வீடியோ ஒன்றைப் போட்டு, 'கடைசி காலம்' என்று எழுதுவார். இரண்டுக்கும் கீழே வரிசையாக ஆமென். எது எதற்கான ஆமென் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

சித்தப்பாவைக் கிண்டல் செய்ய இதை எழுதவில்லை. தங்கமான மனிதர். சபையார் சேர்ந்து சாப்பிடும் அசனத்துக்கு முந்தின ராத்திரி முழுக்க அண்டா பக்கத்திலேயே நிற்பவர். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்துக்குள்தான் எங்கள் சபைகளில் பாதிப் பேர் இருக்கிறோம். 'உனக்கு ஒன்றும் ஆகாது' என்கிறது அட்டை. 'எல்லாம் முடியப் போகிறது' என்கிறது வீடியோ. 'யுத்தங்களையும் யுத்தங்களின் செய்திகளையும் கேள்விப்படுவீர்கள்' என்ற பைபிளின் மத்தேயு 24-ஐ வைத்து எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அதே வசனம் 'கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள்' என்று தொடர்கிறது. அங்கே வரும்போது மட்டும் பிரசங்கியாருக்கு நேரமாகிவிடும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் அண்ணன் 11 நாள் ஐசியூவில் கிடந்தான். கல்லீரல். வெளியே ஸ்டீல் நாற்காலி வரிசையில் நானும், அவன் மனைவியான என் மைனியும். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். 'கர்த்தர் கைவிட மாட்டார்.' 'விசுவாசம் மட்டும் இருந்தா போதும்மா.' 'எல்லாம் நன்மைக்கே.' ஒருவர் மைனியிடம், 'அழாதீங்க, அழுதா அவிசுவாசம்' என்றே சொல்லிவிட்டார். மைனி அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வந்தார்கள். முகம் கழுவியது போல வெளியே வந்தார்கள். சேலைத் தலைப்பு மட்டும் முழுக்க நனைந்திருந்தது.

தமிழில் சமாதானம் என்ற சொல்லுக்கு இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று மனசின் அமைதி. இன்னொன்று 'சமாதானம் சொல்வது'. கடன் கேட்டு வருகிறவரிடமும், மார்க் குறைந்து அழுகிற பிள்ளையிடமும் ஏதோ ஒன்றைச் சொல்லி அனுப்புகிறோமே, அது. 1995-இல் வந்த பைபிளின் பொது மொழிபெயர்ப்பு 'அமைதி' என்கிறது. கத்தோலிக்க நண்பர்கள் அதைத்தான் வாசிக்கிறார்கள். நாங்கள் இன்னும் பழைய பைபிளின் சமாதானத்தோடுதான் இருக்கிறோம். அந்தப் பைபிளிலேயே எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகம் 6-இல் ஒரு வசனம் உண்டு. பாபிலோன் படை வந்து எருசலேமை அழிப்பதற்கு முந்தின காலம். எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்துக்காரர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சமாதானமில்லாதபோது 'சமாதானம் சமாதானம்' என்று சொல்லி, ஜனங்களின் காயங்களை 'மேற்பூச்சாய்க் குணமாக்குகிறார்கள்' என்கிறார் எரேமியா. மேற்பூச்சு! நாங்கள் ஆஸ்பத்திரி வராண்டாவில் 11 நாளும் பூசிக்கொண்டது அதைத்தான்.

ஏழாவது நாள் ஊரிலிருந்து பெரியம்மா பஸ் ஏறி வந்தார்கள். கையில் வயர்கூடை. பிளாஸ்கில் கஞ்சி, ஒரு டப்பாவில் தேங்காய்த் துவையல். ஜெபம்கூடப் பண்ணவில்லை. மைனி பக்கத்தில் உட்கார்ந்து டம்ளரில் கஞ்சியை ஊற்றி, 'குடி பிள்ள' என்றார்கள், அவ்வளவுதான். ராத்திரி எட்டு மணிக்குக் கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு பைபிளிலிருந்து சங்கீதம் 88-ஐ வாசித்தார்கள். தெரிந்தவர்களுக்குத் தெரியும், அதில் விடியலே கிடையாது. மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் 'ஆனாலும் துதிப்பேன்' என்று ஏதாவது ஒரு மேட்டில் ஏறி நிற்கும். இது 18 வசனமும் குழியிலேயே கிடந்து, அறிமுகமானவர்கள் எல்லாரும் மறைந்துபோனார்கள் என்று முடிந்துவிடும்.

'என்ன பெரியம்மா, இதுல ஆறுதலே இல்லையே?' என்றேன்.

'இல்லதான். ஆனா வேதத்துல இருக்குல்லா? அப்ப அவருகிட்ட இப்படியும் பேசலாம்னுதான அர்த்தம்?'

மைனி அன்றைக்குத்தான் எல்லார் முன்னாலும் அழுதார்கள்.

என் ஸ்கூலில் கூட வேலை பார்க்கும் ஒருவர், 'உங்க சாமி தர்ற நிம்மதி எல்லாம் மனசை ஏமாத்துற வேலை டீச்சர்' என்பார். வசன அட்டையைப் பற்றித்தான் சொல்கிறார் என்றால் நானும் அவர் கட்சி. ஆனால் 'எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம்' என்று எழுதிய அப்போஸ்தலர் பவுலைப் பாருங்கள். அவர் மலையடிவார ஆசிரமத்தில் உட்கார்ந்து எழுதவில்லை. விலங்கு போட்டு, காவலுக்குள் வைத்திருக்கிறார்கள். கடிதம் போவது பிலிப்பிக்கு. ஓய்வுபெற்ற ரோமப் படைவீரர்களைக் குடியேற்றிய ஊர் அது. அந்தச் சமாதானம் உங்கள் இருதயங்களைக் 'காத்துக்கொள்ளும்' என்கிறார். கிரேக்கத்தில் அது கோட்டைக்குக் காவல் படை நிற்பதைச் சொல்லும் வார்த்தை. பிலிப்பிக்காரர்களுக்குச் சட்டென்று விளங்கியிருக்கும். கள்ளனே வராத ஊருக்கு எதற்குக் காவல்?

பவுலுக்குப் பயமே இல்லையா? இருந்தது. 'புறம்பே போராட்டங்களும் உள்ளே பயங்களும்' என்று கொரிந்தியருக்கு அவரே எழுதியிருக்கிறார். இந்த வசனத்தை எந்த வாக்குத்தத்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை. புது வருஷ ராத்திரி ஆராதனையில் ஆளுக்கொரு அட்டை எடுக்கும்போது ஒருவருக்கு இது விழுந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துச் சிரித்ததுண்டு.

தாம் கொடுக்கும் சமாதானம் 'உலகம் கொடுக்கிறபிரகாரம்' அல்ல என்று இயேசு சொன்னதையும் அப்புறம்தான் வேறு மாதிரி வாசித்தேன். அவர் காலத்தில் சமாதானம் என்றாலே ரோம் கொடுத்ததுதான். பேரரசர் அகஸ்டஸ் பேரில் கி.மு. 9-இல் ரோமில் சமாதானத்துக்கு ஒரு பலிபீடமே கட்டி அர்ப்பணித்தார்கள். அந்தச் சமாதானத்தைக் காப்பாற்ற வைத்திருந்த கருவிகளில் ஒன்றுதான் சிலுவை. அதில் அறையப்படுவதற்கு முந்தின ராத்திரி, அது தெரிந்தே, இயேசு 'என்னுடைய சமாதானத்தையே கொடுக்கிறேன்' என்கிறார். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் காலையில் இலங்கையின் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பள்ளி முடிந்து வெளியே நின்ற பிள்ளைகள் செத்துப்போனார்கள். அந்தத் தாய்மாரிடம் புறாப் படம் போட்ட அட்டையை நீட்ட முடியுமா? அவர்களுக்கும் செல்லுபடியாகாத சமாதானம் எனக்கும் வேண்டாம்.

அண்ணன் பிழைக்கவில்லை. சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் என்னிடம் அதிசயம் எதுவும் கிடையாது. ஒன்றே ஒன்று நடந்தது. அடக்கம் முடிந்த ராத்திரி, பந்தல் பல்ப் கூட அணைக்காத வீட்டில், ஊர்க்காரர்கள் நாற்காலியை இழுத்து அடுக்குகிற சத்தத்துக்கு நடுவில், வெறும் பாயில் படுத்து நான் தூங்கிப்போனேன். 11 நாளில் முதல் தூக்கம். விழித்தபோது குற்ற உணர்வாக இருந்தது. பெரியம்மாவிடம் சொன்னேன். 'புயலுக்கு நடுவுல படகுல இயேசுவும்தான் தூங்குனாரு' என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் விளக்கப் போய்விட்டார்கள். துக்கம் போகவில்லை. இன்னும் போகவில்லை. அந்தத் துக்கத்துக்கு உள்ளேயே தூங்க முடிந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த தேவசமாதானம்.

இப்போது போனை ராத்திரி சமையல்கட்டில் வைத்துவிடுகிறேன். காலையில் முதலில் சங்கீதம், அதுவும் வரிசையாக, பிடித்ததைப் பொறுக்குவதில்லை. புலம்பல் வந்தால் புலம்பல்தான். செய்தி சாயங்காலம் ஒரு தடவை. கண்ணை மூடிக்கொள்வதில்லை, பார்த்த ஊர்களின் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். சில நாள் அதுவும் வராது. சரி, விட்டுவிடுகிறேன்.

போன வாரம் அடுத்த தெருவில் ஒரு அக்காவின் மகனுக்கு வெளிநாட்டில் வேலை போய்விட்டது, பத்து நாளாகப் போனும் இல்லை. போனேன். வாசலிலேயே 'கர்த்தர்...' என்று வாயெடுத்துவிட்டேன். பழக்கதோஷம். அடக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். அக்கா டீ போட்டுக்கொண்டு வந்தார்கள். சர்க்கரை போட மறந்திருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் குடித்தேன்.