ஹேண்ட்பிரேக் போட்டாரா, இல்லையா?

சிங்கப்பூர், தேக்கா சந்தை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே மேசை கிடைப்பதே பூர்வ ஜென்மப் புண்ணியம். எதிரில் இரண்டு ரஜினி ரசிகர்கள். ஒருவர் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்னொருவன், ரஜினியின் வாழ்க்கை வரலாறு ஒன்றை நூலகத்திலிருந்து எடுத்துக் கொடுத்து வம்பில் மாட்டிக்கொண்ட பையன். நான் தோசைக்குக் காத்திருந்தேன். ஒட்டுக்கேட்டது என் தப்பில்லை. அங்கிளின் குரல் அப்படி.

தம்பி: படிச்சிட்டீங்களா அங்கிள்?

அங்கிள்: நாற்பத்தோராம் பக்கத்துல நிறுத்திட்டேன். எழுதினவன் ஜென்மத்துல பஸ்ஸே ஏறினதில்ல.

தம்பி: அப்படி என்ன எழுதிட்டாரு?

அங்கிள்: பெங்களூரு பஸ்ஸு. செம கூட்டம். நம்மாளு கண்டக்டர், ஸ்டைலா டிக்கெட் கிழிச்சுக் கொடுக்குறாரு. சரி, ஒத்துக்குறேன். அதைப் பார்த்து டிரைவர் சீட்ட விட்டு எழுந்து வந்து, கட்டிப்பிடிச்சு, "நீ நடிக்கப் போடா"ங்குறாரு. பஸ்ஸு எங்க நிக்குது? ஸ்டாப்புலயா, சிக்னல்லயா? ஹேண்ட்பிரேக் போட்டாரா இல்லையா? ஒரு வரி கிடையாது!

தம்பி: அங்கிள், அது உணர்ச்சிகரமான இடம்.

அங்கிள்: சிராங்கூன் ரோட்டுல 147-ஆம் நம்பர் பஸ்ஸ நிறுத்திட்டு நான் எழுந்து பின்னால போயிருந்தா, எல்லாருக்கும்தான் உணர்ச்சி வந்திருக்கும் லா.

தம்பி: எனக்கு வேற கோபம். 'அபூர்வ ராகங்கள்' 1976-ன்னு போட்டிருக்கான். அது 1975. கேட்டைத் தள்ளிக்கிட்டு உள்ள வருவாரே, அந்த அறிமுகக் காட்சி! அதுக்கே வருஷம் தப்புன்னா மிச்சத்த எப்படி நம்புறது?

அங்கிள்: ஒரு வருஷம் தானே. பஸ்ஸு லேட்டாகுறதில்லையா?

தம்பி: இங்க சிங்கப்பூர்ல வந்து எடுத்த 'பிரியா'வுக்கு அரைப் பக்கம். ரஜினிகாந்த்ங்கிற பேரு வந்த கதைக்கு ரெண்டே வரி. சொந்தப் பேரு சிவாஜிராவ், ஏற்கனவே ஒரு சிவாஜி இருக்காரு. அதனால 'மேஜர் சந்திரகாந்த்' படத்துல வர்ற ஒரு பாத்திரத்தோட பேர எடுத்து பாலசந்தர் வச்சாரு. எவ்வளவு பெரிய விஷயம்!

அங்கிள்: பேர மாத்துறது பெரிய விஷயமா? நான் டிரைவரா வேலைக்குச் சேர்ந்தேன். ஒருநாள் கூப்பிட்டு, இனிமே நீ 'பஸ் கேப்டன்'னுட்டாங்க. ஸ்டியரிங் அதேதான்.

தம்பி: கேப்டன்னா எங்க வீட்டுல விஜயகாந்த்.

அங்கிள்: எங்க வீட்டுலயும்தான். என் பொண்டாட்டி ஒருநாளாவது கூப்பிட்டிருப்பாளா?

(தே தாரேக் வந்தது, நுரை பொங்க ஆற்றிய பால் டீ. தோசை வரவில்லை. என் தோசை.)

அங்கிள்: இன்னொன்னு கேளு. நம்ம ஊர்ல கண்டக்டரையே எடுத்துட்டாங்க. ஏறும்போது கார்டு தட்டு, இறங்கும்போது கார்டு தட்டு. அதான் இங்கேர்ந்து ஒரு சூப்பர் ஸ்டார் வரல. மெஷின் ஸ்டைல் பண்ணுமா? 'டிட்'டுங்கும், அவ்வளவுதான்.

தம்பி: இதையும் புத்தகத்துல எழுதலன்னு சொல்லாதீங்க.

அங்கிள்: எழுதலையே! அத விடு. அட்டையில யாரு படம்?

தம்பி: ரஜினி படம்தான். பின்ன வேற யாரு படம்?

அங்கிள்: டிரைவர் படம் எங்க? கண்டக்டருக்குள்ள நடிகன் இருக்கான்னு முதல்ல கண்டுபிடிச்சது யாரு? பாலசந்தரா? டிரைவர்! ரோட்டையும் பார்த்துக்கிட்டு, கண்ணாடியில இவரையும் பார்த்திருக்காரு. அவருக்கு எத்தனை பக்கம்? ஒன்றரை! அதுலயும் பாதி, ஹேண்ட்பிரேக் போடாத அவமானம்.

தம்பி: கடைசி அத்தியாயம் படிச்சீங்களா?

அங்கிள்: அதான் சொன்னேனே, நாற்பத்தொன்னு.

தம்பி: 2021-ல டெல்லியில தாதாசாகேப் பால்கே விருது வாங்கினாருல்ல? மேடையில யாருக்கெல்லாம் நன்றி சொன்னாருன்னு இதுல இருக்கு. குரு பாலசந்தர், அண்ணன் சத்யநாராயண ராவ், அப்புறம் கூட வேலை பார்த்த பஸ் டிரைவர், நண்பர் ராஜ் பகதூர்.

அங்கிள்: பேரச் சொன்னாரா?

தம்பி: பேரச் சொல்லித்தான். கண்டக்டரா இருந்தப்ப எனக்குள்ள இருந்த நடிப்புத் திறமைய அடையாளம் கண்டவர்னு.

(அங்கிள் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். தே தாரேக்கின் ஆவி என்றார். அது ஆறிப்போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.)

அங்கிள்: குடு அந்தப் புத்தகத்த.

தம்பி: நாளைக்குத் திருப்பிக் கொடுக்கணும் அங்கிள்.

அங்கிள்: இன்னும் மூணு வாரத்துக்கு எழுதிக்கோ. நல்லா எழுதியிருக்கான்யா. விவரம் தெரிஞ்ச ஆளு.

தம்பி: பஸ்ஸே ஏறாத ஆளுன்னீங்க?

அங்கிள்: டாக்ஸியில போயிருப்பான்.

தம்பி: 1976?

அங்கிள்: அச்சுப்பிழை.

தம்பி: சரி, ஹேண்ட்பிரேக்?

அங்கிள்: போட்டிருப்பாரு தம்பி. அவரெல்லாம் நல்ல டிரைவர்.