வீட்டுப் பாட்டுக்குச் சினிமாவின் சிபாரிசு எதற்கு?

நான் பாட்டு எழுதுகிறேன், நானே மெட்டமைத்து வீட்டிலேயே பாடிப் பதிவு செய்கிறேன் என்று சொன்னால் உடனே வரும் கேள்வி, “சினிமாவுக்கு முயற்சி செய்கிறீர்களா?” இல்லை என்றால், “யாராவது இசையமைப்பாளரிடம் கொடுத்துப் பார்க்கலாமே?” என்பார்கள். இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: “வரிகளைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டால் ஒரு நிமிடத்தில் முழு வாத்தியங்களோடு பாட்டு வந்துவிடுமே, எதற்குத் தொண்டையைக் கெடுத்துக்கொள்கிறீர்கள்?”

நல்ல மனத்தோடு கேட்கிறவர்கள்தான். ஆனாலும் அந்தக் கேள்விக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. வாசலில் கோலம் போடுகிறவளைப் பார்த்து எந்தக் கண்காட்சிக்கு அனுப்பப்போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. பாட்டு என்றால் மட்டும் அதற்குப் போய்ச்சேர ஓர் இடம் வேண்டும், அந்த இடம் திரைப்படமாகத்தான் இருக்க வேண்டும் என்று நமக்குப் பதிந்துபோயிருக்கிறது. தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப்பாட்டும் யார் வாய்ப்புக் கொடுத்து வந்தவை? வீட்டில் பதிவு செய்த பாட்டை வாய்ப்புக் கிடைக்காமல் நின்றுபோன சினிமாப் பாட்டாகப் பார்ப்பதை நான் ஏற்கவே மாட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் மாயவரத்தில் ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த எங்கள் வீட்டு டூ-இன்-ஒன்னில்தான் பதிவு செய்யத் தொடங்கினேன். காலி கேசட் வாங்கக் காசு இருக்காது. அப்பா கேட்டு முடித்த சொற்பொழிவு கேசட்டின் மேல்விளிம்பில், அழித்துப் பதிய முடியாதபடி விட்டிருக்கும் ஓட்டையைச் செல்லோடேப் ஒட்டி மூடினால், அதன்மேல் பதிவு செய்துகொள்ளலாம். என் பாட்டு முடிந்த மறுநொடியே அடியில் இருந்த சொற்பொழிவு பாதி வாக்கியத்தில் தொடங்கும். கேசட் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் ஓடும். பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் நாடா விநாடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடியது, அகலமும் அதிகம். ஆகவே வீட்டுப் பதிவில் எப்போதும் ஓர் ‘உஸ்’ இருக்கும். இரண்டாவது குரல் சேர்க்க வேண்டுமென்றால், பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி, முதல் பதிவை ஓடவிட்டுக்கொண்டே கூடப் பாடி மற்றதில் பதிய வேண்டும். அந்த ‘உஸ்’ இரட்டிப்பாகும். உள்ளே நாடாவை ஓட்டும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தால் நாடா மெதுவாக ஓடிச் சுருதி கீழே இறங்கிவிடும். சுருதிப் பெட்டியின் குமிழைத் திருகிச் சமாளிக்கலாம், சுருதியைக் கொஞ்சமும் நகர்த்த முடியாத ஆர்மோனியத்தை என்ன செய்வது? முன்னால் பதிந்த பாட்டும் இப்போது வாசிக்கும் ஆர்மோனியமும் ஒட்டாமல் நிற்கும். அதனாலேயே அந்தக் காலத்துப் பாட்டுகள் பலவற்றில் ஒற்றைக் குரல் மட்டுமே இருக்கிறது. எனக்கு அவைதான் அதிகம் பிடிக்கும்.

கல்யாணம், குழந்தை, கூட்டுறவு வங்கி வேலை என்று நடுவில் சில வருடங்கள் ஓடின. எழுதுவது நிற்கவில்லை, பதிவுதான் நின்றிருந்தது. பிறகு மடிக்கணினியும் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளும் வந்தன. 2012-இன் மின்வெட்டுகளை யாரும் மறந்திருக்க முடியாது. எங்கள் பகுதியில் பகலில் பாதி நேரம் மின்சாரம் இருக்காது. அந்த வெறுப்பான மாதங்களில் பதிவு செய்தவைதான் என் பாட்டுகளிலேயே தெளிவானவை. காரணம் எளிது. மின்விசிறி ஓடாது, தண்ணீர் மோட்டார் ஓடாது, எதிர்வீட்டுத் தொலைக்காட்சி பேசாது. மடிக்கணினி பேட்டரியில் ஓடுவதால், மின் இணைப்பிலிருந்து ஒலிவாங்கிக் கம்பிக்குள் ஏறும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் போய்விடும். மின்சாரம் போனதும் ஜன்னலைச் சாத்தி, பீரோமீது கம்பளியைத் தொங்கவிட்டு, வியர்வை வழிய வழியப் பாடுவேன். பேட்டரி தீர்வதற்குள் முடிக்க வேண்டும். ஒரு பதிவில் சரணத்தின் இரண்டாம் அடியில் சட்டென்று ரீங்காரம் எழும், கூடவே தெருப்பிள்ளைகளின் ஆரவாரம். மின்சாரம் வந்துவிட்டது. வேறு நாளில் அதே பாட்டைச் சுத்தமாகப் பாடியும் வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் ஆரவாரம் உள்ளதைத்தான் கொடுக்கிறேன்.

கைபேசி வந்தபின் பதிவு சுலபமானது, ஆனால் வேறொரு தொல்லை முளைத்தது. கைபேசிகள் பல, பேச்சை மட்டும் தெளிவாக எடுக்கும்படி அமைக்கப்பட்டவை. மாறாமல் ஒரே சீராக ஒலிப்பதை இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடும். சுருதி என்பதே மாறாமல் ஒரே சீராக ஒலிப்பதுதானே! பாடத் தொடங்கிய சில நொடிகளில் தம்புரா ஒலி பின்வாங்கி, நான் மூச்சு வாங்கும் இடங்களில் அறையே செத்துப்போன மாதிரி இருக்கும். சென்ற ஆண்டு உறவுக்காரப் பையன் ஒருவன், அன்போடுதான், என் பழைய கேசட் பாட்டு ஒன்றை செயற்கை நுண்ணறிவு கொண்டு ‘துப்புரவு’ செய்து அனுப்பினான். ‘உஸ்’ போய்விட்டது. அதோடு சுருதிப் பெட்டியும் போயிற்று, பல்லவிக்கு நடுவே என் பாட்டி இருமியதும் போயிற்று. பாட்டியின் குரல் வேறெதிலும் எங்களிடம் இல்லை. மூலப் பிரதி என்னிடம் இருந்ததால் எனக்கு நஷ்டமில்லை. மூலத்தை அழித்துவிட்டுத் துப்புரவு செய்ததை மட்டும் வைத்துக்கொள்ளும் வீடுகளை நினைத்துத்தான் கவலைப்படுகிறேன்.

அமெரிக்காவின் கானி கான்வர்ஸ் என்ற பெண்ணை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 1950-களில் நியூயார்க்கில் வேலை செய்துகொண்டே கிட்டார் வாசித்துத் தானே பாட்டு எழுதி, வீட்டு டேப் ரெக்கார்டரில் பதிந்து வந்தார். 1954-இல் ஜீன் டைச் என்ற நண்பர் தம் வீட்டிலேயே அவரைப் பாடவைத்துப் பதிவு செய்தார். எந்த நிறுவனமும் அவர் பாட்டை இசைத்தட்டாக வெளியிடவில்லை. 1961-இல் நியூயார்க்கை விட்டு மிச்சிகன் போனார். 1974-இல் நண்பர்களுக்கும் குடும்பத்துக்கும் கடிதங்கள் எழுதிவிட்டுக் காரில் புறப்பட்டவர் திரும்பவே இல்லை. 2004-இல் டைச் அந்த நாடாவை ஒரு வானொலி நிகழ்ச்சியில் ஒலிக்கவிட, கேட்ட இளைஞர்களின் முயற்சியால் 2009-இல் முதல் இசைத்தொகுப்பு வந்தது.

இதைக் கேட்டவுடன் “பார்த்தீர்களா, கடைசியில் பேர் கிடைத்துவிட்டது” என்று சிலர் மகிழ்கிறார்கள். எனக்கு அந்தச் சமாதானம் ஒப்பவில்லை. பேர் கிடைக்காத 1954-லும் அது அதே பாட்டுதான். தொகுப்பு வந்ததால் பாட்டில் ஒரு சுரம்கூடக் கூடிவிடவில்லை. யாரோ ஒருவர் பதிவு செய்து, தூக்கி எறியாமல் வைத்திருந்தார், அவ்வளவே.

நம் பக்கம் பாருங்கள். பாரதி தம் பாட்டுகள் பலவற்றுக்கு ராகமும் தாளமும் குறித்துவைத்தவர். அவர் பாடிக் கேட்டவர்கள் அதை மெய்சிலிர்த்து எழுதியிருக்கிறார்கள். இந்தியாவில் 1902-இலேயே இசைத்தட்டுக்கான பதிவு தொடங்கிவிட்டது. 1921 வரை வாழ்ந்த மனிதரின் குரல் ஒரு நிமிடம்கூட நம்மிடம் இல்லை. தன் மெட்டைத் தானே பாடிய அந்தக் குரல் கொஞ்சம் கரகரப்பாக, கீறல் சத்தத்தோடு கிடைத்திருந்தால் வேண்டாம் என்போமா?

செயலியில் வரும் பாட்டுக்கு வயதாகாது. எனக்கு ஆகிறது. கேசட் காலத்தில் ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடியவள் இப்போது நாலரைக் கட்டைக்கு வந்துவிட்டேன். அன்று மேல்ஸ்தாயியில் தாவிய இடத்தை இன்று வளைத்துப் பாடுகிறேன், அதனால் மெட்டே வேறாகிவிட்டது. ஒரே பாட்டின் பழைய பதிவையும் புதிய பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால் நடுவில் என்னென்ன நடந்தது என்று எனக்குத் தெரிகிறது. என் மகளுக்கும் தெரிகிறது, அவள் கேட்கிறாள்.

உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் இருப்பார். பஜனைக்குத் தானே பாட்டுக் கட்டும் மாமா, பேரனுக்காகத் தாலாட்டை மாற்றிப் பாடும் அத்தை. அவர்களைச் சினிமாவோடு ஒப்பிட்டுக் கூச்சப்பட வைக்காதீர்கள். பரணில் கேசட் கிடந்தால், நாடாவில் வெள்ளைப் பூஞ்சை படிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். படிந்திருந்தால் ஓட்டாமல் தெரிந்தவரிடம் கொடுங்கள். இல்லையென்றால், ஓடுகிற டேப் ரெக்கார்டர் ஒன்று கிடைக்கும்போதே ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒயர் போட்டு, சுருக்காத வேவ் கோப்பாக முழுப் பக்கத்தையும் வெட்டாமல் ஏற்றுங்கள். இரண்டு இடத்தில் வையுங்கள். இனிமேல் பதிவு செய்யும்போது பாடுபவர் தம் பெயரையும் ஊரையும் தேதியையும் சொல்லிவிட்டுப் பாடத் தொடங்கட்டும். டூ-இன்-ஒன் பெல்ட் மாற்றித் தருகிறவர் மாயவரத்தில் இன்னும் இருக்கிறார். வேண்டுவோர் உள்பெட்டியில் கேளுங்கள், கடைக்கு வழி சொல்கிறேன்.