மறுபடியும் அதே ரெக்கையா?

கோத்தகிரி ரோட்டுல இன்னொரு சுவருக்கு ரெக்கை முளைச்சாச்சு. அதே ரெண்டு வெள்ளை ரெக்கை, ஆள் நின்னு போட்டோ எடுக்க நடுவுல அதே இடைவெளி. ஊட்டியில பார்த்தாச்சு, குன்னூர்ல பார்த்தாச்சு, இன்னும் எத்தனை சுவர்லய்யா இதையே பார்க்கறது?

பெயிண்டர் அண்ணன் சாரத்து மேல நிக்கிறார். ஒரு கையில போன், ஒரு கையில பிரஷ். ஒரு இறகு போடுவார். போன்ல படத்தைப் பெருசாக்கிப் பார்ப்பார். நுனி வளைவு சரியில்லைன்னு அழிப்பார். திரும்பவும் அதே இறகு. திரும்பவும் போன். பொறுக்க முடியாம, "அண்ணா, நீங்களா ஏதாச்சும் வரையக் கூடாதா?"ன்னு கேட்டுட்டேன். "வரைஞ்சு காட்டினேனுங்க, ஓனர் வேண்டாம்னுட்டார். போட்டோல இருக்கறதுல ஒரு இறகு மாறக் கூடாதாம்"னு சொல்லி, தான் போட்ட படத்தைக் காட்டினார். தேயிலைச் செடிக்குள்ள ஒரு காட்டெருமை, தலையைத் தூக்கி ரோட்டையே முறைக்குது. என்னா கை அவருக்கு! அந்தக் கையை இறகு எண்ண வச்சிருக்காங்க.

அந்த ரெக்கை 2012-ல அமெரிக்க ஓவியர் கோலெட் மில்லர் லாஸ் ஏஞ்சலஸ் தெருவுல வரைய ஆரம்பிச்சது. அது அவங்க யோசனை. பார்த்துக் கத்துக்கறதை யாரும் தப்பு சொல்லல. பிரான்ஸ் தெரு ஓவியர் பிளெக் லெ ரா 1981-லயே அட்டையில அச்சு வெட்டிப் பாரிஸ் சுவர்ல எலி அடிச்சார். பின்னால வந்த இங்கிலாந்துத் தெரு ஓவியர் பாங்க்ஸியும் எலிதான் அடிச்சார். ஆனா அந்த எலி அவர் ஊர் சங்கதியைப் பேசுச்சு. இந்த ரெக்கை நம்ம மலையைப் பத்தி என்ன பேசுது?

இதே கோத்தகிரி பக்கம் வெள்ளரிக்கொம்பையில ஆலு குறும்பர் பழங்குடி சனங்க வேங்கைப் பிசின்லயும் இலைச்சாறுலயும் தேன் எடுக்கறதை வரையறாங்க. அதையும் போன்ல பார்த்துக் காப்பியடிச்சுடாதீங்க! அவங்களையே கூப்பிடுங்க, கூலியைக் குடுங்க, பேரைச் சுவர்ல எழுதுங்க.

இன்னொண்ணு. அந்த ரெக்கைச் சுவர் மண்ணைத் தாங்கற தடுப்புச் சுவர். படம் வழவழன்னு வரணும்னு தண்ணி வடியற ஓட்டையை எல்லாம் சிமெண்ட் பூசி அடைச்சிருக்காங்க! மழைத்தண்ணி பின்னால தேங்கினா சுவரே மண்ணோட சரியும். 2009 நவம்பர் மழையில நம்ம மாவட்டத்துல மண் சரிஞ்சு 40 பேருக்கு மேல செத்தாங்களே, மறந்துபோச்சா? ரெக்கை எக்கேடும் கெடட்டும், ஐப்பசிக்கு முன்னாடி அந்த ஓட்டைகளைத் திறந்துவிடுங்கய்யா. மேல லைன் வீட்டுல சனங்க குடியிருக்காங்க.