மொகஞ்சதாரோ யார் பொறுப்பில் இருக்கிறது?

“மொகஞ்சதாரோ யுனெஸ்கோவுக்குச் சொந்தம், பராமரிப்பதும் அவர்கள்தான்” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் உள்ள இந்தச் சிந்துவெளி நகரத்தை 1980இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது, சரி. அதனால் உரிமை கைமாறிவிடாது; பாதுகாப்பது அந்தந்த நாட்டின் கடமை. யுனெஸ்கோ நிதி திரட்டும், நிபுணர்களை அனுப்பும். 1974இல் மொகஞ்சதாரோவுக்காகச் சர்வதேச இயக்கமே நடத்தியது.

பல பத்தாண்டுகள் பாகிஸ்தானின் மத்தியத் தொல்லியல் துறைதான் அங்கே எல்லாம். சிந்து மாகாணம் 1994லேயே தனக்கென ஒரு பாரம்பரியப் பாதுகாப்புச் சட்டம் போட்டிருந்தாலும், முக்கியச் சின்னங்கள் அதன் கைக்கு வரவில்லை. 2010இல் மத்திய அரசின் பல அதிகாரங்களை மாகாணங்களுக்கு மாற்றிய, அரசியலமைப்பின் 18ஆவது திருத்தம் வந்த பிறகே நிலைமை மாறியது. மொகஞ்சதாரோவும், சிந்துவிலேயே உள்ள இன்னொரு உலகப் பாரம்பரியச் சின்னமான மக்லி கல்லறை வளாகமும் மாகாணத்திடம் வந்தன. கூடவே மொகஞ்சதாரோவின் செங்கற்களை உப்பு அரிக்கும் தலைவலியும்! 2022 பெருமழையில் சுவர்கள் சேதமானபோது பதில் சொல்ல வேண்டியிருந்ததும் சிந்து அரசின் கலாசாரத் துறைதான்.